தொண்டை திறந்துதான் இருக்கு

தூங்கவே இல்லையாம். கிளினிக் பொண்ணு பெனிட்டா அப்படித்தான் சொல்லுச்சு, சிரிச்சுக்கிட்டே, நல்ல சேதி சொல்ற மாதிரி. என் வீட்டுக்காரரைப் புது மாஸ்க் அளவு பார்க்க உள்ள அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, என் பக்கத்துல வந்து உக்காந்து, "பயந்துட்டீங்களாம்மா? இது நோயே இல்ல. மூச்சு நிக்கற அந்த நேரத்துல சார் முழிச்சிருக்கார், அவ்ளோதான்"னுச்சு. நாலு தாளைக் கிளிப் போட்டு என் கையில கொடுத்துட்டு அதுவும் உள்ள போயிடுச்சு. இருபது நிமிஷம் ஆகுமாம். நான் இந்த நீல நாற்காலியில உக்காந்திருக்கேன். எதிர்ல ஒரு ஆள் வாயைத் திறந்தபடி உக்காந்தே தூங்கறான், காலை பதினோரு மணிக்கு, செருப்பு ஒண்ணு கழண்டு கிடக்கு. இந்த கிளினிக்குக்கு வர்றவங்க பாதிப் பேர் இப்படித்தான். இவரும் அப்படித்தான் இருந்தார், போன வருஷம் வரைக்கும். பஸ்ல தூங்குவார், கல்யாண வீட்டுல தூங்குவார், பேப்பர் படிச்சுக்கிட்டே தூங்குவார். ராத்திரி படுத்தா மணிக்கு முப்பத்திரண்டு தடவை மூச்சு நிக்குதுன்னு டெஸ்ட்ல வந்துச்சு. தொண்டைச் சதை தளர்ந்து காத்துப் போற வழியை அடைச்சுக்குதாம். தை மாசம் அந்த மெஷின் வந்துச்சு, மூக்குல மாஸ்க், ஒரு குழாய், தலைமாட்டுல சின்ன டப்பா. ராத்திரியெல்லாம் காத்தை ஊதி வழியைத் திறந்து வெச்சிருக்கும். காலையில என் செல்போனுக்கு ஒரு நம்பர் அனுப்பும், மணிக்கு எத்தனை தடவை நின்னுச்சுன்னு. ரெண்டு. ஒண்ணு. மறுபடி ரெண்டு. அந்த நம்பரைப் பார்த்துட்டுத்தான் நான் பல்லே விளக்குவேன். மாசியில அது ஏற ஆரம்பிச்சுது. நாலு, ஏழு, ஒன்பது. நெட்ல தேடினா, மூளையே மூச்சு விட மறந்துடற வியாதி ஒண்ணு இருக்குன்னு போட்டிருந்தான். மூளை மறந்துடுமாம்! அதைப் படிச்சதும் போனைக் கவுத்து வெச்சுட்டேன். இவர்கிட்ட சொல்லலை. பாவம், மனுஷனை ஏன் பயமுறுத்தணும்னு. பாவம்னு நினைச்சேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் இப்போ பத்திக்கிட்டு வருது.

பெனிட்டா நல்லாத்தான் புரிய வெச்சுச்சு. "மூச்சு நின்னா மெஷின் ஒரு சின்னக் காத்தை ஊதிப் பார்க்கும்மா. தொண்டை அடைச்சிருந்தா அந்தக் காத்து முட்டித் திரும்பும். சாருக்குத் தொண்டை திறந்துதான் இருக்கு. திறந்திருந்தும் இழுக்கலைன்னா ரெண்டே காரணம். ஒண்ணு மூளை மறக்கணும். இல்ல, ஆள் முழிச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சிருக்கணும். மறதின்னா விடிய விடிய சிதறிக் கிடக்கும். சாருக்கு அப்படி இல்ல, இங்க பாருங்க"ன்னு பேனாவால காட்டுச்சு. பத்தரையிலேர்ந்து பதினொன்னே கால் வரைக்கும் கோடு தாறுமாறா ஓடுது, ஒண்ணு பெருசு, ஒண்ணு குட்டி, நடுவுல மொட்டையா ஒரு இடைவெளி, அப்புறம் திடீர்னு உசரமா ஒண்ணு. பதினொன்னே காலுக்கு மேல இட்லித் தட்டுக் குழி மாதிரி எல்லாம் ஒரே அளவு, காலை அஞ்சரை வரைக்கும். "அதுதாம்மா தூக்கம். தூங்கறவங்க மூச்சு ஒழுங்கா இருக்கும், முழிச்சிருக்கறவங்களதுதான் இப்படிக் கோணலா இருக்கும். டாக்டரும் பார்த்துட்டார். படுத்து முக்கால் மணி நேரம் சார் ஏதோ யோசிச்சுட்டு இருக்கார் போல." போலவாம். பத்தரையிலேர்ந்து பதினொன்னே கால். அது நான் பேசற நேரம். தினமும் பத்தரைக்கு விளக்கை அணைச்சதும் நான் பேச ஆரம்பிப்பேன், தூங்கற மனுஷன்கிட்ட. தூங்கறார்னு நினைச்சுக்கிட்டு.

கேக்கறவங்க சிரிப்பாங்க, தெரியும். ஆனா இருபத்திரண்டு வருஷம் நான் கூடத்துல படுத்தவ. இவர் குறட்டை அப்படி. மாடி வீட்டு சகாயராஜ் சார், "உங்க வீட்டுல லாரி நிறுத்தியிருக்கீங்களா"ன்னு கேப்பார். கூடத்துல படுத்தாலும் நடுச்சுவரைத் தாண்டி வரும். பகல்ல கண்ணசந்தாலும் அதே கதைதான், டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுத்தான் நான் சீரியல் பார்ப்பேன். மெஷின் வந்ததும் குறட்டை நின்னுச்சு. நான் தலையணையை எடுத்துக்கிட்டு உள்ள போனேன், புதுப் பொண்ணு மாதிரி வெக்கமா இருந்துச்சு, அறுபத்தொரு வயசுல. இவர் மாஸ்க் மாட்டிக்குவார், கண்ணை மூடுவார், ரெண்டு நிமிஷத்துல அசைவே இருக்காது. மெஷின்லேர்ந்து மெல்ல ஒரு இரைச்சல் மட்டும் வரும். அந்த இரைச்சல் எனக்குப் பழக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தாறு வருஷம் இருந்தவ நான். அதுல பாதி, வெளியூர் லைன் இணைக்கற டிரங்க் போர்டுல. ஹெட்போனை மாட்டினா மெட்ராஸ் லைன்ல அப்படித்தான் இரையும், எதிர்முனையில ஆள் இருக்கு, இன்னும் வாய் திறக்கலைன்னு அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வந்துடுச்சு. முதல்ல சின்னச் சின்னதாத்தான். கேஸ் வந்துச்சு, முருங்கைக்காய் முத்தல், என் தங்கச்சி அலமேலு கண் ஆபரேஷன் தள்ளிப் போகுது. அப்புறம் பகல்ல சொல்ல முடியாததெல்லாம். நம்ம பையன் துபாய்லேர்ந்து போன் பண்ணா உங்ககிட்ட ஏன் கொடுக்கச் சொல்றதில்லைன்னு. உங்க தங்கச்சி என்னைச் சமையல்காரின்னு சொன்னப்போ நீங்க ஏன் தட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்கன்னு. முகத்துக்கு நேரா இதையெல்லாம் கேட்டா, "இப்போ எதுக்கு அது?"ன்னு ஒரே வார்த்தையில வாயை அடைச்சுடுவார். தூங்கறவர்கிட்ட கேட்டா அந்த வார்த்தை வராதே. எனக்கு அவ்வளவு லேசா இருந்துச்சு. மாஸ்க் மூக்கைத்தான் மூடுது, காது திறந்துதானே இருக்குன்னு ஒரு நாள்கூடத் தோணலை எனக்கு. தோணியிருந்தா? இல்ல, தோணியிருந்தாலும் அடுத்தவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டுக் கம்முனு கிடக்கற ஆள்னு இவரை நினைச்சிருக்க மாட்டேன். அதுதான் என் முட்டாள்தனம்.

ஏன்னா எங்க வேலையில அது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா. லைன் கொடுத்ததும், பேச்சு நம்ம காதுல விழற கீயை மூடிடணும். மூணு நிமிஷம் ஆனா திறந்து, "ஆபரேட்டர் பேசறேன், டைம் ஆயிடுச்சு, நீட்டிக்கலாமா"ன்னு குரல் கொடுக்கணும். குரல் கொடுக்காம லைன்ல இருக்கவே கூடாது. இருந்து மாட்டினா மெமோ. எத்தனை பேர் அழுகை, எத்தனை கல்யாணம் நின்னது, எத்தனை சாவு, எல்லாம் என் கை வழியாப் போயிருக்கு. நான் கேட்டதில்லை. கீழச்சிந்தாமணியிலேர்ந்து ஒரு அம்மா வாராவாரம் பம்பாய்க்கு போட்டு அரை நிமிஷத்துல வெச்சுடும், எனக்கு மண்டையே வெடிக்கும் யாருக்கா இருக்கும்னு, அப்பவும் திறந்து பார்த்ததில்லை. பக்கத்து போர்டு ஹம்சவேணி கேப்பா, சாப்பாட்டு நேரத்துல கதை கதையாச் சொல்லுவா, நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிடுவேன். அதை இவர்கிட்ட சொல்லிப் பெருமைப்பட்டிருக்கேன். "உன்னை மாதிரி யாரு இருப்பாங்க குமுதா"ன்னார். இதே வாயால. இப்போ நாலு மாசமா, ராத்திரி ராத்திரி, பக்கத்துல ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, கீயைத் திறந்து வெச்சுக்கிட்டு! ஒரு இருமல் இருமியிருக்கலாமே. ஒரு தடவை புரண்டு படுத்திருக்கலாமே, நான் புரிஞ்சுக்கிட்டு நிறுத்தியிருப்பேனே. காலையில எழுந்து, "கட்டை மாதிரி தூங்கினேன் குமுதா, இந்த மெஷின் வந்ததும் சொர்க்கம்"னு காபியை வாங்கிக்குவார். இன்னிக்கும் அந்தப் பொண்ணு, "படுத்ததும் தூங்கிடறீங்களா சார்"னு கேட்டுச்சு. "படுத்த உடனே"ன்னார். கண்ணே இமைக்கலை.

இல்ல, ஒருவேளை எனக்குத்தான் கோணல் புத்தியோ. தூக்கம் வராம கிடந்திருக்கலாம், மாஸ்க் உறுத்தியிருக்கலாம், நான் பேசினது காதுல விழுந்தே இருக்காதோ என்னவோ. ரெண்டாம் தாள்ல ஒன்பது நாளை வட்டம் போட்டிருக்கு பெனிட்டா. "இந்த ஒன்பது நாள் மட்டும் பாருங்கம்மா, படுத்து எட்டு நிமிஷத்துல தூங்கிட்டார். ஒரு கோணல்கூட இல்ல. எங்கயாவது வெளியூர் போயிருந்தாரா?" அவர் போகலை. நான்தான் போயிருந்தேன், கரூருக்கு, அலமேலு கண் ஆபரேஷனுக்கு. நான் இல்லாத ஒன்பது ராத்திரியும் இட்லித் தட்டு. மாஸ்க் உறுத்தலை, ஒரு மண்ணும் உறுத்தலை. நான் திரும்பி வந்த அன்னிக்கு ராத்திரி பத்தரைக்குக் கோணல் ஆரம்பிக்குது. எதிர்ல தூங்கறவன் திடுக்குனு முழிச்சு என்னைப் பார்க்கறான். தாளைத் தட்டிட்டேன் போல. மறுபடி தூங்கிட்டான். கொடுத்து வெச்சவன், நிஜமாவே தூங்கறான்.

நாலாம் தாளைப் பார்க்கக் கூடாதுன்னு இருந்தேன். அது ஒரே ஒரு ராத்திரியோட கோடு, மார்ச் பதினாறு. "இதுலதாம்மா ரொம்ப நீளம், நாப்பத்து மூணு செகண்ட். என்னமோ கனவு கண்டு முழிச்சிருக்கார் போல"ன்னுச்சு பெனிட்டா. மார்ச் பதினாறு எதிர் வீட்டு வேதவல்லியம்மா போன நாள். சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து தலைக்கு ஊத்திக்கிட்டுப் படுத்தேன், பன்னிரண்டு வருஷமா நெஞ்சுல வெச்சிருந்தது தானா வாய்ல வந்துடுச்சு. அத்தையைப் பத்தி. இவரோட அம்மா நாலு வருஷம் படுக்கையில கிடந்தாங்க, கொல்லைப் பக்கத்து அறையில. மலம் மூத்திரம் எல்லாம் நான்தான். லீவு போட்டுப் போட்டு என் பிரமோஷன் போச்சு, அதைக்கூட நான் சொல்லிக் காட்டினதில்லை. ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு மணி இருக்கும், அவங்களுக்குத் துணி மாத்தி, வாயைத் துடைச்சு, அப்பத்தான் கூடத்துல வந்து உக்காந்து காபி டம்ளரை எடுத்தேன். "குமுதா"ன்னு குரல் வந்துச்சு. மெல்ல. இப்போதானே வந்தேன்னு நினைச்சேன். மறுபடியும் "குமுதா". காபி சூடா இருந்துச்சு, நான் ஒரு மடக்கு குடிச்சேன், இந்த ஒரு டம்ளர் முடியட்டும், கடவுளே, இந்த ஒண்ணு மட்டும்னு. மூணாவது தடவை "சோமு"ன்னாங்க. பிள்ளையைக் கூப்பிட்டாங்க. நான் டம்ளரைக் காலி பண்ணி, கழுவிக் கவுத்துட்டுத்தான் போனேன். போனப்போ முடிஞ்சிருந்துச்சு. கண்ணு வாசலைப் பார்த்துத் திறந்திருந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அன்னிலேர்ந்து மூணு மணிக்கு நான் காபி குடிக்கறதில்லை. ஏன்னு யாரும் கேட்டதில்லை.

இதை அப்படியே சொன்னேன் அன்னிக்கு ராத்திரி, அழுதுக்கிட்டே, இவர் முதுகுக்கு. மூணாவது தடவை உங்களைத்தான் கூப்பிட்டாங்கன்னு சொல்லிட்டு, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் கிடந்தேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் இந்த மொட்டைக் கோடு. நாப்பத்து மூணு செகண்ட். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நான் அடுத்து என்ன சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கார். அப்புறம் நான் என்ன சொன்னேன்? "நீங்க உள்ள அசந்து தூங்கிட்டிருந்தீங்க, உங்களுக்கு என்ன தெரியும் பாவம்"னேன். கோட்டைப் பார்க்கறேன். மொட்டை முடியற இடத்துல, தாளோட மேல் விளிம்பைத் தொடற அளவுக்கு ஒரு மூச்சு. அப்பாடான்னு விட்ட மூச்சு. எதுக்கு அப்பாடா? பெத்தவ கூப்பிட்டும் நான் போகலைன்னு கேட்டவன் எழுந்து என் கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தா எனக்குப் புரியும். அழுதிருந்தா புரியும். அப்பாடாவுக்கு என்ன அர்த்தம்?

அதுக்கு அடுத்த மாசம் அத்தை தெவசம். பதினோரு வருஷம் நான்தான் படையல் சமைச்சேன், தலைக்குக் குளிச்சு, பச்சைத் தண்ணி பல்லுல படாம, உப்புக்கூட ருசி பார்க்காம. அவங்களுக்குப் பிடிச்ச சேப்பங்கிழங்கு, பறங்கிக்காய், கல்கண்டு சாதம். அது ஒண்ணுதான் நான் செஞ்சதுக்கு நான் கழிக்கற வழின்னு இருந்தேன். இந்தத் தடவை நாலு நாள் முன்னாடி இவர் வந்து, "உனக்கு இடுப்பு வலி குமுதா, உறையூர்ல ஒரு அம்மா சமைச்சுக் கொடுக்கறாங்களாம், சொல்லிட்டேன்"னார். இலை போட்டப்போ, "நீ உக்காரு, விளக்கை நானே ஏத்தறேன்"னார். நான் உருகிப் போயிட்டேன்! அலமேலுவுக்கு போன் போட்டு, "உங்க மாமா இந்த வயசுல எப்படி மாறிட்டார் பாரு"ன்னு பெருமை அடிச்சேன். அவ பொறாமையில பெருமூச்சு விட்டா. என் இடுப்பு! என் கை அந்தப் பாத்திரத்துல படக் கூடாது, அதுதான் விஷயம். ஒரு வார்த்தை கேக்காம தீர்ப்பு சொல்லி, தண்டனையும் கொடுத்து, அதை எனக்குப் பரிசு மாதிரி வேற கொடுத்திருக்கார். நானும் பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டேன். சரி, கோபம். அம்மா மேல பாசம். என்னை மன்னிக்க முடியலை. நியாயம்தான், நான் செஞ்சது பாவம்தான். அப்படின்னா எதுக்கு அந்த அப்பாடா? இந்த ஒண்ணு மட்டும் எதுலயும் பொருந்தலை.

மூணு மணி. ஞாயித்துக்கிழமை. கூடத்துச் சுவர்க்கடிகாரம் டிக் டிக்னு கேட்டுச்சு, அது இப்பவும் காதுல இருக்கு. குழாய்ல தண்ணி சொட்டினது கேட்டுச்சு. கொல்லை அறைக்கும் கூடத்துக்கும் நடுவுல எங்க படுக்கையறை, அதைத் தாண்டித்தான் அத்தை குரல் வரணும். நாலு வருஷம் கிடந்த குரல், காத்து மாதிரிதான் வரும். மத்த நாளெல்லாம் கேக்காதுன்னுதானே தலைமாட்டுல எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வெச்சிருந்தோம், தட்டச் சொல்லி. அன்னிக்குத் தட்டலை. ஆனா மூணு தடவையும் கேட்டுச்சு, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி. எப்படிக் கேட்டுச்சு? நடு அறையில இவர் தூங்கிட்டிருந்தார்னா எப்படிக் கேட்டுச்சு? லாரியாச்சே. டிவியையே அமுக்கற குறட்டையாச்சே. சாப்பிட்டுட்டு மூணு மணிக்குத் தூங்கற மனுஷன் குறட்டை விடாம ஒரு நாள் இருந்திருக்காரா, மெஷின் வர்றதுக்கு முன்னாடி, ஒரே ஒரு நாள்? ஐயோ. கடிகாரம் கேட்டுச்சே. கடிகாரம் கேட்டுச்சேடி குமுதா. பன்னிரண்டு வருஷமா அந்தக் கடிகாரச் சத்தத்தை நினைச்சு நினைச்சு அழுதியே, அது ஏன் கேட்டுச்சுன்னு ஒரு தடவை யோசிச்சியா. முழிச்சிருந்திருக்கார். என்னை விடப் பத்தடி பக்கத்துல. சோமுன்னு கூப்பிட்டது அவர் காதுலயும் விழுந்திருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்திருக்கார், குமுதா போவான்னு. நான் காபி டம்ளரைக் கழுவற சத்தமும் கேட்டிருக்கும். அவருக்குத் தெரியும், அன்னிலேர்ந்தே தெரியும், என்னைப் பத்தியும் தெரியும், அவரைப் பத்தியும் தெரியும். அவர் முழிச்சிருந்தது எனக்குத் தெரியாதுன்னு மார்ச் பதினாறாம் தேதிதான் அவருக்கு நிச்சயமாச்சு. அதுதான் அந்த அப்பாடா. பாவத்துல பாதி சுமக்க ஆள் கிடைச்சதும் முழுசையும் என் தலையில ஏத்திட்டு, தெவசத்துக்கு விளக்கை அவர் கையால ஏத்தியிருக்கார். அடப்பாவி மனுஷா.

கதவு திறக்குது. வர்றார். கன்னத்துல மாஸ்க் பட்டையோட தடம் சிவப்பா. புது மாஸ்க் பையைக் குழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கார். எனக்கு அப்பவும் அந்தத் தடத்தைத் தேய்ச்சு விடணும்னு கை போகுது, வெக்கங்கெட்ட கை. பக்கத்துல உக்காந்து, "இது உறுத்தவே இல்ல குமுதா"ன்னார். அப்புறம் என் மடியில இருந்த தாளைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

அந்தக் கேள்வியை எவ்வளவு சாதாரணமாக் கேட்டார்! தாளை ஒழுங்கா அடுக்கினேன், கிளிப்பைச் சரி பண்ணினேன். அவர் மூச்சுக்குச் சட்டைப் பொத்தான் ஏறி இறங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஏறுச்சு. இறங்குச்சு.

"ஒண்ணும் இல்லையாம். தொண்டை திறந்துதான் இருக்காம்"னேன்.

"அதான் நான் அப்பவே சொன்னேன். நல்லாத்தான் தூங்கறேன்னு."

சொல்லிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். நான் முழங்கை மேல கையை வெச்சேன். வேணாம்னு ஒரு மனசு சொல்லுது. விட்டுடு, வீட்டுக்குப் போ, ராத்திரி வேணா தலையணையை எடுத்துக்கிட்டுக் கூடத்துக்குப் போயிடு, முப்பத்தெட்டு வருஷத்தை இந்த நீல நாற்காலியில வெச்சு உடைக்காதேன்னு. ஆனா நான் ஆபரேட்டர். குரல் கொடுக்காம லைன்ல இருக்க எனக்குத் தெரியாது.

"என்னங்க. அன்னிக்கு நீங்க குறட்டை விடலை."

அவ்வளவுதான் சொன்னேன். என்னிக்குன்னு சொல்லலை. கேளுங்க, என்னிக்குடின்னு கேளுங்க, உளறாதேன்னு ஒரு அதட்டல் போடுங்க, நான் நினைச்சதெல்லாம் பொய்யாப் போகட்டும், உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன், என் பாவத்தை நானே சுமந்துட்டுப் போறேன், என்னிக்குன்னு மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கன்னு அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். பொத்தான் ஏறலை. நான் எண்ண ஆரம்பிச்சேன், பழக்கம். பெனிட்டா அடுத்த பேரைக் கூப்பிட்டுச்சு, எதிர்ல தூங்கினவன் செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு உள்ள போனான். முப்பதைத் தாண்டினதும் எண்றதை விட்டுட்டேன். என்னிக்குன்னு அவர் கேக்கவே இல்லை.